தனியாக எடுத்து வைத்த சுருள்

பெங்களூர்
12-6-1994

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்று நீங்கள் "அம்மணீ" என்று ஆரம்பித்தது எங்கள் ஆய்வுக்கூட வராந்தா முழுவதும் கேட்டுவிட்டது. லேத் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டையை டெலிபோனுக்காக இறக்கிக்கொள்ள உங்களுக்குத் தெரியாது. என் பேராசிரியரே அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "உன் கணவருக்கு டெலிபோன் எதற்கம்மா?" என்று கேட்டார். ஆகையால் இனி முக்கியமான விஷயமெல்லாம் தபாலில்தான்.

எனக்கு ஒரு அழுத்தக் கலம் வேண்டும். எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் செய்து தர மாட்டீர்கள். நான் ஆராய்கிற பொருளுக்குக் கோண்டோ குறைகடத்தி என்று பெயர். சீரியம், நிக்கல், வெள்ளீயம் மூன்றும் சேர்ந்த சின்னப் படிகம். அதில் சீரிய அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். சாதாரண சூட்டில் அதது தன்பாட்டுக்கு இருக்கும், மின்சாரமும் உலோகத்தில் ஓடுவதுபோல ஓடும். மிகவும் குளிர வைத்தால், ஓடிக்கொண்டிருந்த எலக்ட்ரான்கள் அந்தக் காந்தங்களைச் சூழ்ந்து மறைத்துவிடும். காந்தமும் அடங்கிவிடும், எலக்ட்ரானும் அங்கேயே கட்டுண்டு போகும், மின்சாரத்தைச் சுமக்க ஆள் குறைந்துவிடும். அந்த நிலையில் படிகத்தை நாலாபக்கமும் அழுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

அதற்கு ஒரு தடித்த உருளை, நடுவில் ஒரு துளை, துளைக்குள் எண்ணெயில் மிதக்கும் படிகம், மேலிருந்து அழுத்த ஒரு பிஸ்டன். எஃகில் செய்தால் எஃகின் காந்தம் என் படிகத்தின் காந்தத்தை விழுங்கிவிடும். அதனால் செம்போடு கொஞ்சம் பெரிலியம் கலந்த உலோகத்தில்தான் செய்ய வேண்டும். வெளிநாட்டுக் கலம் வந்து சேர்வதற்குள் என் உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும். இங்கே ஒர்க்‌ஷாப்பில் பெரிய வரிசை. எனக்குத் தெரிந்த நல்ல டர்னர் கோவை கணபதியில் ஒருவர் இருக்கிறார், அவரைக் கல்யாணமும் செய்துகொண்டேன்.

உலோகத் தண்டையும் வரைபடத்தையும் அம்புஜத்திடம் கொடுத்தனுப்புகிறேன். என் அறைத்தோழி, லீவுக்கு மேட்டுப்பாளையம் போகிறாள். ஒன்று கவனம். இந்த உலோகம் தூளாகப் பறந்தால் நெஞ்சுக்கு ஆகாது என்று கம்பெனித் தாளில் போட்டிருக்கிறது. எண்ணெய்த் தண்ணீர் நிறைய விட்டே கடையுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், சாணைக் கல்லில் வைக்கவே வேண்டாம். கடையக் கடைய விழுகிற உலோகச் சுருளைக் குப்பையில் போடாமல் தனியாக எடுத்து வையுங்கள். மெஸ் மணி அடிக்கிறது, முடிக்கிறேன். அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை.

உங்கள்
புவனா


கணபதி, கோவை
27-6-1994

அன்புள்ள புவனாவுக்கு வெள்ளியங்கிரி எழுதுவது.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் நீ என்னிடம் வாய்விட்டுக் கேட்ட பொருள் இதுதான். மற்ற வீட்டில் வளையல் கேட்பார்கள். நீ உருளை கேட்கிறாய். சரி, கேட்டாயே, அதற்கே சந்தோஷம்.

அம்மாவிடம் வரைபடத்தைக் காட்டி விளக்கினேன். பாதியில் நிறுத்திவிட்டு, "ஏங்கண்ணு, பொண்டாட்டி அங்க எதையோ அமுக்கறதுக்குத்தான் மூணு வருசமா ஊட்டுக்கு வராம கெடக்கறாளா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? ரெண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. காங்கேயத்துச் சொந்தக்காரர்கள் விசேஷங்களில் என்னைப் பார்க்கிற பார்வையை உன் தராசில் வைத்து நிறுக்க முடியாது.

உலோகம் நன்றாக இருக்கிறது. சுருள் ஜிலேபி மாதிரி மஞ்சளாகப் பளபளவென்று விழுகிறது. நம் கடைப் பையன்களில் மூத்தவன் மாசாணம் ஒரு சுருளைக் கையில் எடுத்து, "ஏனுங்க, தங்கமுங்களா?" என்றான். "ஊட்டம்மாவோடதுடா, வெச்சுப்போடு" என்றேன். தண்ணீர் விட்டுத்தான் கடைந்தேன், மூக்கில் துணி கட்டிக்கொண்டேன், சாணைக் கல் பக்கமே போகவில்லை. சுருளைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னாய் அல்லவா? ஒரு பெயிண்ட் டப்பாவைக் கழுவிக் காயவைத்து, அதில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். பித்தளைச் சுருளோடு ஒரு துணுக்குகூடக் கலக்கவில்லை.

கலம் நேராக வந்திருக்கிறதா என்று அளந்து பார்த்து எழுது. இல்லாவிட்டால் திட்டி எழுது. எப்படியோ எழுது.

வெள்ளியங்கிரி


பெங்களூர்
19-9-1994

அன்புள்ள மாமாவுக்கு,

தாங்கியது! காற்றழுத்தத்தைப்போல் பத்தாயிரம் மடங்கு ஏற்றினோம், ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. பேராசிரியர் கலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் செய்தது?" என்றார். "என் வீட்டுக்காரர்" என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் திமிராகவே இருந்தது.

முதல் வரைபடத்தைப் போட்டுவிட்டேன். சாதாரணமாகக் குளிரக் குளிர மின்தடை மளமளவென்று ஏறும். அழுத்திய பிறகு அந்த ஏற்றம் பாதிகூட இல்லை. கட்டுண்டு கிடந்த எலக்ட்ரான்கள் அவிழ ஆரம்பிக்கின்றன என்று அர்த்தம். நான் அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அம்புஜம் யாரோ செத்துவிட்டார்களோ என்று பயந்துபோனாள்.

இருபதாயிரம் வரை போனால் அது முழுக்க உலோகமாகவே மாறிவிடுமா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சுவர் தடித்த கலம் இரண்டு தேவை. காந்தத்தை அளக்க ஒல்லியாக இன்னும் ஒன்று. தண்டுகள் அனுப்பியிருக்கிறேன். இதற்கு மேல் கேட்கமாட்டேன் என்று சொல்ல மாட்டேன், பொய்யாகிவிடும்.

தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன். அத்தையிடம் சொல்லிவிடுங்கள். இந்தத் தடவை நிச்சயம்.

உங்கள்
புவனா


கணபதி
8-11-1994

புவனாவுக்கு,

கலங்கள் மூன்றும் கைக்கு வந்திருக்கும். பெட்டியோடு இருந்த தூக்குப் போசியில் அம்மா செய்த அதிரசம். வாட்ச்மேன் கொடுத்தாரா?

நீ வராததால் நானே வந்தேன். வாசலில் இருந்து உள்ளே போன் போட்டார்கள். ஹீலியம் ஓடிக்கொண்டிருக்கிறது, ராத்திரி வரை வெளியே வர முடியாது, உட்காரச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. தீபாவளி அன்றைக்கு, வாசல் பெஞ்சில், எத்தனை நேரம் உட்காருவது? பஸ் ஏறிவிட்டேன்.

உனக்கு ஹீலியம் முக்கியம். இருக்கட்டும்.

வெள்ளியங்கிரி


பெங்களூர்
14-11-1994

மாமா,

வந்தது நீங்கள் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. "கோயமுத்தூரில் இருந்து பார்ட்ஸ் கொண்டுவந்த ஆள்" என்றுதான் வாட்ச்மேன் போனில் சொன்னார். நீங்கள் அப்படித்தான் சொன்னீர்களாம். விசாரித்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள்? "புவனாவின் வீட்டுக்காரன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஹீலியம் ஆவியாகிப் போகட்டும் என்று ஓடி வந்திருப்பேனே.

ஒரு தடவை ஊற்றிய திரவ ஹீலியம் யாருக்காகவும் காத்திருக்காது, பாதியில் விட்டால் மறுபடி எங்கள் முறை வர மாதக்கணக்காகும். இதைத் தீபாவளிக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. என் தப்புதான். ஆனால் முகம் காட்டாமல் போனது உங்கள் தப்பு. அதிரசத்தைப் பார்த்த பிறகுதான் வந்தது யார் என்று தெரிந்தது. அதைத் தின்ன முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

பதில் எழுதுங்கள்.

புவனா


பெங்களூர்
20-1-1995

மாமா,

இது மூன்றாவது கடிதம். போன் செய்தால் மாசாணம் எடுத்து, "மொதலாளி வெளிய போயிருக்காருங்கக்கா" என்கிறான். அவன் பின்னாலேயே உங்கள் குரல் யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு கடையில் இல்லை என்று சொல்லச் சொல்கிறீர்களே, உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா?

அதட்டலாவது கேட்கட்டும் என்று போனை வைக்காமல் நின்றேன். பொங்கலுக்கு உங்களையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

புவனா


கணபதி
2-4-1995

அன்புள்ள புவனாவுக்கு,

கோபம் போய்விட்டது. எப்போதோ போய்விட்டது. ஆனால் எழுதாமல் இருந்த மாதங்கள் சேரச் சேர, பிறகு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வாட்ச்மேனிடம் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டாய். பஸ்ஸில் வந்த கசங்கல் சட்டை, கையில் மரப்பெட்டி. உள்ளே போகிறவர்கள் எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் மாதிரி இருந்தார்கள். யார் நீ என்று இங்கிலீஷில் கேட்டார். இந்தக் கோலத்தில் உன் புருஷன் என்று சொன்னால் உனக்கு அது குறைச்சலாக இருக்குமோ என்று நினைத்துவிட்டேன். நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். அந்த வெட்கத்தைத்தான் கோபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சும்மா இருக்கவில்லை. உக்கடத்துக்குப் பக்கத்தில் பித்தளை வார்க்கும் சிக்கந்தரை உனக்குத் தெரியும், நம் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு கொடுத்தவன். அவன் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வார்ப்பு வேலை செய்துகொண்டிருக்கிறோம். ஊற்றினால் ஓட்டை விழுகிறது. உடைத்து மறுபடி உருக்குகிறோம். "அண்ணே, உட்டுத் தொலைங்க, இது நமக்குப் படியாது" என்கிறான். நான் விடுவதாக இல்லை. என்ன என்று கேட்காதே. நீ டாக்டர் பட்டம் வாங்கி வருகிற அன்றைக்குத் தெரியும்.

இன்னும் கலம் வேண்டுமென்றால் எழுது. வேண்டாமென்றாலும் எழுது.

வெள்ளியங்கிரி


பெங்களூர்
10-8-1995

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் நீங்கள் அனுப்பிய இரண்டு கலங்களும் வந்தன. முன்பு அனுப்பிய ஒல்லிக் கலத்தில் காந்த அளவீடு முடிந்துவிட்டது. அழுத்தம் இல்லாதபோது, குளிர்விக்கும்போது காந்தத் தன்மையின் வரைபடத்தில் ஒரு மேடு தெரியும். அது அழுத்த அழுத்த மழுங்கிக்கொண்டே போகிறது. மின்தடையும் அப்படித்தான். இருபதாயிரத்துக்குப் பக்கத்தில் என் படிகம் ஏறக்குறைய உலோகமாகவே நடந்துகொள்கிறது. உங்கள் கலத்தின் காந்தம் அளவீட்டில் தெரியவே இல்லை, அவ்வளவு சுத்தம்.

இதில் ஒரு வேடிக்கை. பிஸ்மத், பிளாட்டினம் சேர்ந்த இன்னொரு கோண்டோ குறைகடத்தி இருக்கிறது, அதிலும் சீரியம்தான். அதை அழுத்தினால் நேர் எதிராக நடக்கிறதாம், கட்டு இன்னும் இறுகிவிடுகிறதாம். ஒரே அழுத்தம், ஒன்று அவிழ்கிறது, ஒன்று இறுகுகிறது. ஏன் என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருஷ நடுவில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். சத்தியமாக வீட்டுக்கு வந்துவிடுவேன்.

போனில் உங்களுக்கு நடுநடுவே இருமல் வந்தது. "அம்மணி" பாதியில் நின்றது. பீடியை விட்டாச்சு என்று அத்தையிடம் சொன்னது உண்மைதானா?

உங்கள்
புவனா


கணபதி
8-1-1996

அன்புள்ள புவனாவுக்கு,

பீடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது, நம்பு. இருமல்தான் என்னை விடவில்லை. படி ஏறினால் இளைக்கிறது. எடை இறங்கி, சட்டையெல்லாம் மாசாணம் போடலாம் போலத் தொளதொளவென்று இருக்கிறது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் டி.பி. என்கிறார். நான் சின்ன வயதில் மில்லில் வேலை பார்த்தேன் என்றதும், பஞ்சுத் தூசியும் காரணமாக இருக்கலாம் என்றார். மூன்று மாதமாக மாத்திரை. சிறுநீர் செக்கச்செவேல் என்று போகிறது, முதல் நாள் பார்த்துப் பயந்தேபோனேன். குணம் மட்டும் தெரியவில்லை. உனக்குப் பரீட்சை மாதிரி இருக்கிற சமயத்தில் சொல்ல வேண்டாம் என்று அம்மாவையும் தடுத்துவைத்திருந்தேன்.

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, உன் பட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. லீவுக்கு வந்த அம்புஜம் அடுத்த வாரம் திரும்புகிறாள் அல்லவா? அவளிடம் ஒரு பொருள் கொடுத்தனுப்புகிறேன். பவானி ஜமக்காளத் துண்டில் சுற்றியிருக்கும், பார்த்துப் பிரி.

அது மணி. நம் வீட்டு வாசலில் மாட்டுவதற்கு. டாக்டர் புவனாவைப் பார்க்க வருகிறவர்கள் அடிக்க வேண்டிய மணி. தனியாக எடுத்து வைக்கச் சொன்னாயே, அந்தச் சுருள் அத்தனையும் இதற்குள் இருக்கிறது. நீ சொல்லும்போதே இதற்குத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். கோயமுத்தூரில் எந்தப் பட்டறையில் சுருளைத் தனியாக எடுத்து வைத்தாலும் உருக்கத்தானே வைப்பார்கள்? மற்றது கலந்தால் வார்ப்பு கெட்டுவிடும் என்றுதான் ஒரு துணுக்கு சேராமல் காத்தேன்.

உருக்கும்போது வெள்ளைப் புகையாக வந்தது, மேலே ஆடை ஆடையாகக் கட்டியது. அதை வழித்து வழித்து எடுத்து, ஆறாவது தடவைதான் ஓட்டை இல்லாமல் வந்தது. பிறகு நானே அரம் போட்டு, எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினேன். வெண்கலத்தில்கூட இந்த நாதம் கேட்டதில்லை என்று சிக்கந்தர் சொல்கிறான். அடித்துப் பார்த்துவிட்டு எழுது.

வெள்ளியங்கிரி


பெங்களூர்
16-1-1996

மாமா,

பொங்கல் லீவில் தங்கிய உங்கள் கடிதமும், அம்புஜம் கொண்டுவந்த மணியும் இன்றைக்கு ஒன்றாகத்தான் கைக்கு வந்தன. கடைக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. பொங்கலுக்குக் காங்கேயம் போயிருப்பீர்கள். அங்கே தந்தி அடித்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை உங்களுக்காக எழுதவில்லை, டாக்டருக்காக எழுதுகிறேன். கிடைத்த உடனே எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுங்கள்.

அந்த உலோகத்தில் பெரிலியம் இருக்கிறது. கட்டியாக இருக்கும்போது ஒன்றும் செய்யாது. உருக்கினால் வரும் வெள்ளைப் புகையும், தேய்த்தால் வரும் தூளும் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். எல்லோருக்கும் வராது, சிலர் உடம்புக்கு மட்டும் அது ஒவ்வாது. படத்தில் பார்த்தால் டி.பி. மாதிரியே இருக்கும். டி.பி. மாத்திரைக்குக் கேட்காது. தயவுசெய்து இதை அவர் படிக்கும்வரை அறையை விட்டு வராதீர்கள்.

சிக்கந்தர் அண்ணனையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். பட்டறையில் கூட நின்றவர்கள் யார் யார் என்று நினைத்துப் பாருங்கள். மீதிச் சுருள் இருந்தால் தொடாதீர்கள், மூடிய டப்பா மூடியபடியே இருக்கட்டும். நாளை மருத்துவ நூலகத்தில் தாள்களைப் பிரதி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன்.

மணியை அடிக்கவில்லை. கடிதத்தைப் படிக்கும் முன்பே, ஜமக்காளத்தைப் பிரித்து, நிறத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

புவனா


கணபதி
3-4-1996

அன்புள்ள புவனாவுக்கு,

நேற்று உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து அம்மா நேராகச் சமையலறைக்குப் போய்விட்டார்கள். பிறகு, "இருந்திருக்கலாமல்லோ" என்றார்கள். உன்னைத் திட்டாமல் அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். போகச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். ஆய்வேட்டை முடிக்காமல் நீ இங்கே என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், எனக்கு இந்த நோயோடு இன்னொரு நோயும் சேரும்.

வேலூரில் அந்தப் பெரிய டாக்டர் உன்னிடம் இங்கிலீஷில் சொன்னது எனக்குப் புரியாது என்று நினைத்தாய். உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இறுகிப்போன நுரையீரல் திரும்ப இளகாது, மாத்திரை அதைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதானே? மாத்திரையால் முகம் உப்பி, கல்யாணப் போட்டோவில் இருக்கிற மாதிரி ஆகிவிட்டேன். வெல்டிங்குக்கு வாங்குகிற மாதிரியே ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் கட்டில் பக்கத்தில் நிற்கிறது. மாசாணம் வந்ததும் முதலில் சிலிண்டரின் அழுத்த கேஜைத்தான் பார்க்கிறான், அப்புறம்தான் என்னை.

சிக்கந்தர் படத்தில் ஒன்றுமே இல்லை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்று அழுதுவிட்டான். "ரெண்டு பேரும் ஒரே பொகையிலதான அண்ணே நின்னோம்? எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமில்ல?" என்று கேட்கிறான். நீ எழுதினாயே, ஒரே அழுத்தத்தில் ஒரு படிகம் அவிழும், ஒரு படிகம் இறுகும் என்று. அதைத்தான் அவனிடம் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரிந்து சொல்லவில்லை, வேறென்ன சொல்வது என்று சொன்னேன்.

நீ இங்கிருந்த இரண்டு மாதமும் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. வேண்டாம் புவனா. நீ எழுதியதை எல்லாம் செய்தேன். எழுதாததையும் செய்தேன். அதற்கு நீ என்ன பண்ணுவாய்?

வெள்ளியங்கிரி


பெங்களூர்
15-4-1996

அன்புள்ள மாமாவுக்கு,

அந்த முதல் கடிதத்தில் "தனியாக எடுத்து வையுங்கள்" என்பதற்கு அடுத்து இன்னொரு வரி என் மனதில் இருந்தது. "நான் வரும்போது எடுத்துக்கொண்டு போய் இங்கே ஒப்படைத்துவிடுகிறேன், யாரும் அதைத் தொடக்கூடாது" என்று. மெஸ் மணி அடித்ததும் பேனாவை மூடிவிட்டேன். உருக்குவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டர்னர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், ஒரு பிடிச் சுருளைக்கூட நீங்கள் வீணாக்கிப் பார்த்ததில்லை, எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். நீங்கள் பேசாமல் இருந்த அந்த மாதங்களில் ஒரே ஒரு வரி, "சுருளை உருக்குகிறேன்" என்று எழுதியிருந்தால், நான் அன்றைக்கே ஓடி வந்திருப்பேன். பேசாமல் இருந்ததற்கும் காரணம் நான்தான்.

ஆய்வேட்டில் வரைபடம் வரைபடமாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு புள்ளியும் உங்கள் கலத்தில் எடுத்தது. எனக்கு இந்தப் பட்டம் வேண்டாம். எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? உங்களோடு இருக்கிற நாளைத்தான் எண்ணாமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

மணி இங்கே அலமாரியில் பூட்டி இருக்கிறது. அதை எறியவும் கூடாது, உருக்கவும் கூடாது. பார்க்கவும் முடியவில்லை. வரச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள், அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

உங்கள்
புவனா


கணபதி
2-9-1996

அன்புள்ள டாக்டர் புவனாவுக்கு,

பட்டம் உறுதியாகிவிட்டது என்று நேற்று நீ போனில் சொன்னபோது நான் ஒன்றுமே பேசவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அம்மா போனை வாங்கிச் சொன்னார்கள் அல்லவா, அது பாதிதான் உண்மை. இப்போதெல்லாம் ஒரு வாக்கியம் பேசினால் அடுத்த வாக்கியத்துக்கு நேரம் பிடிக்கிறது. எழுதுவதற்கு மூச்சு வேண்டியதில்லை. அதனால் நேற்றுச் சொல்லாததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஏப்ரலில் வராதே, முடித்துவிட்டு வா என்று கடுமையாக எழுதினேன். பிறகு இங்கே நீ மாதம் இரண்டு தடவை வந்து வந்து போனபோதெல்லாம், இருந்துவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் இருந்தது நல்லதுதான். தேர்வாளர் முன்னால் நீ அந்தக் கலத்தை மேஜை மேல் வைத்து, என் கணவர் செய்தது என்று சொன்னாயாமே? அம்புஜம் போன வாரமே எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை அம்மா, சிக்கந்தர், மாசாணம் மூன்று பேரிடமும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வாட்ச்மேனிடம் நான் சொல்லாததை நீ அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாய்.

சாவுக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ராத்திரியில் பயமாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச காலம் உன்னோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். ஆறு வருஷத்தில் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் வருமா?

லேத்தை மாசாணத்திடம் விட்டுவிட்டேன். கட்டிலை முன் அறையில் போட்டிருக்கிறது. சமையலறை கடைசியில், நடுவில் இரண்டு அறை, கூடவே பக்கத்துத் தறிக்காரர் வீட்டுத் தறிச் சத்தம். முந்தா நாள் தண்ணீருக்குக் கூப்பிட்டேன். அம்மாவுக்குக் கேட்கவே இல்லை. பக்கத்தில் நின்றால்தான் கேட்கும் என்று சொன்னார்கள். நம் தெரு முக்குக் கடைக்குக் கேட்ட குரல் இது.

கட்டியாக இருக்கிற வரைக்கும் அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று நீதானே டாக்டருக்கு எழுதினாய். அதனால் வரும்போது அலமாரியில் இருந்து அந்த மணியை எடுத்துக்கொண்டு வா. வாசலில் மாட்ட வேண்டாம். கட்டில் சட்டத்தில் கை எட்டுகிற இடத்தில் கட்டிவிடு. அது அடித்தால், நான் "அம்மணீ" என்று கூப்பிடுகிறேன் என்று வைத்துக்கொள்.

உன்
வெள்ளியங்கிரி